முகம் அதேதான், ஆள்தான் இல்லை: 1956ஆம் ஆண்டுத் திகில் படம் ஒன்றை முதல்முறை பார்ப்பவர்களுக்கு

பேய் பிடித்தவர் எப்படி இருப்பார் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கண்ணை உருட்டுவார், குரல் மாறும், நாலு பேர் பிடித்தாலும் அடங்க மாட்டார். கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளையும் கேட்டிருக்கிறோம். இரண்டிலும் ஓர் உடம்புக்குள் ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து சேர்கிறது. அதனால்தான் பார்த்தவுடன் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடுகிறது.

இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். உங்கள் சித்தப்பாவின் உடம்புக்குள் புதிதாக எதுவும் வரவில்லை, இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. நடை, குரல், சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் பிறந்தநாள் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் ஐந்து வயதில் கிணற்றடியில் விழுந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் உங்களைப் பார்க்கும்போது அவர் கண்ணில் வழக்கமாக வரும் அந்த ஒரு பார்வை வரவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வீர்கள்?

இந்தப் பயத்தை மட்டுமே மூலதனமாக வைத்து எடுத்த படம்தான் 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்'. 1956இல் வந்த அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, நீளம் வெறும் 80 நிமிடம். இயக்கியவர் டான் சீகல். ஜாக் ஃபின்னி 1954இல் 'கோலியர்ஸ்' பத்திரிகையில் எழுதிய தொடர்கதையிலிருந்து எடுத்தது. பழைய அறிவியல் புனைவுத் திகில் படம் எதையுமே பார்த்ததில்லை, எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

ஏன் இது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் திகில் படங்கள் என்றால் பலருக்கு மனதில் வருவது ராட்சத எறும்பு, பறக்கும் தட்டு, ரப்பர் உடை மாட்டிய கடல் ஜந்து. அவற்றிலும் நல்ல படங்கள் உண்டு. ஆனால் இன்றைய கிராபிக்ஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை முதல் பத்து நிமிடத்திலேயே சிரிப்பு மூட்டிவிடும், அப்புறம் பயம் திரும்பி வராது. இந்தப் படத்தில் அந்தச் சிக்கலே இல்லை. இதில் வரும் ஆபத்துக்கு முகம் என்று ஒன்று இருந்தால், அது பக்கத்து வீட்டுக்காரரின் முகம். மனித முகம் ஒருநாளும் பழசாகிப்போவதில்லை.

இனிக் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் பெரிய நஷ்டம் இல்லை, படமே தன் முடிவின் பாதியை முதல் காட்சியில் சொல்லிவிடுகிறது. ஆஸ்பத்திரி ஒன்றில், தலை கலைந்து, "நான் பைத்தியம் இல்லை" என்று கத்தும் ஒருவரோடுதான் படம் தொடங்குகிறது. அவர் பெயர் மைல்ஸ் பென்னல். கலிஃபோர்னியாவில் சான்டா மீரா என்ற கற்பனைச் சிற்றூரின் டாக்டர். நடித்தவர் கெவின் மெக்கார்த்தி. நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நாம் பார்க்கிறோம்.

வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்த மைல்ஸை அவருடைய நர்ஸ் அவசரமாகத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறாள். கிளினிக்கில் கூட்டமாம், எல்லோருக்கும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டுமாம். வரும் வழியில் ஒரு சிறுவன் காருக்குக் குறுக்கே ஓடி வருகிறான், அவன் அம்மா துரத்தி வருகிறாள். சாலையோரத்தில் அவர்களுடைய காய்கறிக் கடை பூட்டிக் கிடக்கிறது. பின்னால் அந்தப் பையனைப் பாட்டி கிளினிக்குக்கு அழைத்து வரும்போது, வீட்டில் இருப்பது தன் அம்மாவே இல்லை என்று அலறுகிறான். அடுத்த நாள் பார்த்தால் அத்தனை நோயாளிகளும் "ஒன்றுமில்லை டாக்டர், சரியாகிவிட்டது" என்கிறார்கள். கூட்டம் குறைந்தால் டாக்டருக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இந்தப் படத்தில் அதுதான் முதல் அபாய மணி.

இப்போது ஒரு காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். முதல்முறை பார்க்கும்போது நீங்கள் தவறவிடக் கூடாதது இதுதான்.

மைல்ஸின் பழைய காதலி பெக்கி, நடித்தவர் டேனா வின்டர். அவளுடைய பெரிய பிரச்சினை, உறவுக்காரப் பெண் வில்மா. தன்னை வளர்த்த ஐரா மாமா உண்மையில் ஐரா மாமா இல்லை என்கிறாள் வில்மா. மைல்ஸ் அவள் வீட்டுக்குப் போகிறார். வெயில் அடிக்கும் சாதாரணப் பகல். பின்னால் புல்தரையில் ஐரா மாமா புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார், வருகிறார். மைல்ஸிடம் சாதாரணமாகப் பேசுகிறார். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வில்மாவும் அதை ஒப்புக்கொள்கிறாள். முகம் அவர் முகம்தான், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தழும்பு உட்பட. பழைய சம்பவங்களை எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் தன்னிடம் பேசும்போது அவர் கண்ணில் எப்போதும் ஒரு தனிப் பார்வை இருக்கும், அது போய்விட்டது என்கிறாள். பாசம் இருப்பதுபோல நடந்துகொள்கிறார், பாசம் இல்லை.

சீகல் இந்தக் காட்சியில் இருட்டை, நிழலை, கோணல் கேமராவை எதையும் பயன்படுத்தவில்லை. அந்தப் பெரியவரின் முகத்தையும் நாம் உற்றுப் பார்க்கிறோம், வித்தியாசம் ஒன்றும் தெரிவதில்லை. நமக்கு அவரை முன்பின் தெரியாது, அந்தத் தனிப் பார்வை எப்படி இருந்தது என்றும் தெரியாது. ஆக, ஒரு மனிதர் மாறிவிட்டார் என்பதற்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அவரை நேசித்த ஒருத்தி மட்டும்தான். அவளிடம் ஆதாரம் கிடையாது. எனக்குத் தெரிந்து சினிமாவில் பயத்தை இதைவிடச் சிக்கனமாக யாரும் உண்டாக்கியதில்லை.

வில்மா சொல்வது மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு நிலை. 1923இல் ஜோசஃப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரிலேயே இதை அழைக்கிறார்கள். நெருங்கிய சொந்தத்தைப் பார்த்து, அச்சு அசல் அவரைப் போலவே இருக்கும் போலி ஆள் என்று உறுதியாக நம்புவார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இப்படி ஒருவரை ஆராய்ந்தார். விபத்தில் தலையில் அடிபட்டு, கோமாவிலிருந்து மீண்டு வந்த ஒருவர், தன் பெற்றோரைப் பார்த்து இவர்கள் வேறு யாரோ என்றார். அதே பெற்றோர் போனில் பேசினால் மட்டும் உடனே அடையாளம் கண்டுகொண்டார்!

அதற்கு ராமச்சந்திரன் தந்த விளக்கம் இது. முகத்தை அடையாளம் காண்பது மூளையில் ஒரு வேலை. அந்த முகத்தைக் கண்டதும் மனதில் ஓர் உணர்ச்சி எழுவது இன்னொரு வேலை. அம்மாவின் படத்தைக் கண்டால் நம் தோலில் மிக லேசாக வியர்க்கும், கருவியால் அதை அளக்கலாம். இவருக்கு அந்த வியர்வை வரவில்லை. இரண்டு வேலைகளுக்கும் இடையே இருந்த இணைப்பு அறுந்துவிட்டது. முகம் அம்மாவுடையது, ஆனால் அம்மா என்ற உணர்வு வரவில்லை, அப்படியென்றால் இது அம்மாவாக இருக்க முடியாது என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. குரல் காது வழியாக வேறு பாதையில் போவதால் போனில் சிக்கல் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நோயில் உணர்ச்சி அறுந்துபோவது பார்ப்பவரிடம். படத்தில் அது பார்க்கப்படுபவரிடம். ஆனால் இரண்டு பேரும் சொல்லும் புகார் ஒன்றேதான். அதனால்தான் ஊரின் மனநல மருத்துவர் டான் காஃப்மன், இது ஒருவித மனப்பிரமை, ஊர் முழுக்கத் தொற்றுபோலப் பரவுகிறது என்று சொல்லும்போது மைல்ஸும் நம்பிவிடுகிறார். நாமும் பாதி நம்பிவிடுவோம்.

அப்புறம்தான் படம் தன் கையிருப்பைக் காட்டுகிறது. விண்வெளியிலிருந்து மிதந்து வந்த விதைகள் வயலில் விழுந்து முளைத்திருக்கின்றன. அவற்றில் காய்க்கும் காய்கள் பட்டாணித் தோல் வடிவம், ஆனால் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவு. ஒருவர் தூங்கும்போது பக்கத்தில் ஒரு காயை வைத்தால் போதும். அது அவரைப் போலவே ஓர் உடம்பை வளர்த்து, அவருடைய ஞாபகங்களை எடுத்துக்கொள்ளும். காலையில் எழுந்திருப்பது அந்த உடம்பு.

மைல்ஸின் நண்பர் ஜாக் வீட்டு பில்லியர்ட்ஸ் மேசையில் கிடக்கும் உருவத்தை நன்றாகக் கவனியுங்கள். முகம் இருக்கிறது, அதில் கோடுகள் இல்லை. விரல் இருக்கிறது, ரேகை இல்லை. பிறந்து வாழ்ந்த அடையாளம் எதுவும் இன்னும் பதியாத உடம்பு. பிறகு கண்ணாடிக் கொட்டகையில் நான்கு காய்கள் வெடித்து நுரை தள்ளும் காட்சி வரும். படத்தின் செலவான தந்திரக் காட்சி அதுதான், இன்றைக்கும் வேலை செய்கிறது. மைல்ஸ் கையில் வைக்கோல் அள்ளும் கூர்முனைக் கவை. பெக்கியின் உருவத்தின் மேல் ஓங்குகிறார், முடியவில்லை. தன் உருவத்தின் மேல்தான் இறக்குகிறார்.

தூக்கத்தைச் சாவோடு சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. இந்தப் படம் அதை அப்படியே கதையின் சட்டமாக்கிவிடுகிறது. தூங்கினால் போச்சு. ஓடலாம், ஒளியலாம், எத்தனை நாள் தூங்காமல் இருக்க முடியும்? வில்லன் துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் உடம்பே உங்களைக் காட்டிக்கொடுக்கும். மைல்ஸும் பெக்கியும் மாத்திரை போட்டுக்கொண்டு விழித்திருக்கும் இரவு படத்தின் நடுப்பகுதி. அதைப் பார்க்கும்போது நமக்கும் கொட்டாவி விடப் பயமாக இருக்கும்.

நான் முதல்முறை பார்த்தது ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு லேப்டாப்பில். அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த காட்சி இது. மைல்ஸ் உதவி கேட்டுத் தன் நர்ஸ் சாலியின் வீட்டுக்குப் போகிறார். எதையோ யோசித்துக் கதவைத் தட்டாமல் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். உள்ளே தெரிந்தவர்கள் சிலர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை தூங்கிவிட்டதா என்று ஒருவர் கேட்கிறார். இன்னும் இல்லை, சீக்கிரம் தூங்கிவிடும், அதற்கப்புறம் அழுகையே இருக்காது என்கிறாள் சாலி. காய் தயாராக இருக்கிறது. குரலை உயர்த்தாமல், பிள்ளையைத் தூங்க வைக்கும் எந்த வீட்டிலும் கேட்கும் தொனியில் இதைப் பேசிக்கொள்கிறார்கள். அது தாயின் குரல்தான், அதுதான் தாங்க முடியவில்லை. என் பின்னால் கதவு திறந்து அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் தூங்கலையா?" என்றார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தேன்.

அழுகையே இருக்காது என்பது அந்த மாறிய மனிதர்களின் பிரசாரம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு பேசுவதில்லை. காதல், ஆசை, லட்சியம், நம்பிக்கை இவை எதுவும் இல்லாவிட்டால் வாழ்க்கை எவ்வளவு சுலபம் என்று, இப்போது அவர்களில் ஒருவராகிவிட்ட மனநல மருத்துவர் காஃப்மன் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். வலிக்காது, தூக்கத்திலேயே முடிந்துவிடும் என்கிறார். பெக்கிக்கு அப்படி ஓர் உலகம் வேண்டாம். துக்கமும் சேர்ந்துதான் வேண்டும் என்கிறாள். பழைய படங்களில் கதாநாயகிக்கு இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது.

பிறகு இருவரும் மாறியவர்களைப்போல முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். உணர்ச்சியைக் காட்டாத வரை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். லாரி ஒன்று ஒரு நாயின் மேல் ஏறப் பார்க்கிறது. பெக்கி கத்திவிடுகிறாள். அதோடு குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. பெண் என்றால் கத்தத்தான் செய்வாள் என்று எழுதிய காட்சி என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாய்க்காகப் பதறுவதுதான் அவள் இன்னும் மனுஷி என்பதற்கு அத்தாட்சி, அதுவே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. படம் முழுக்கச் சொல்ல வந்த விஷயம் அந்த இரண்டு வினாடியில் இருக்கிறது.

சரி, இது கம்யூனிசத்தைப் பற்றிய படமாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்தக் காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று புரியும். 1950 பிப்ரவரியில் செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி, அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்திருக்கிறார்கள் என்று மேடையில் முழங்கினார். (நம் கதாநாயகன் கெவின் மெக்கார்த்திக்கும் அவருக்கும் உறவு இல்லை.) அதற்கு முன்பே, 1947இல் தொடங்கி, ஹாலிவுட்டில் விசாரணைகள் நடந்து, எழுத்தாளர்களும் இயக்குநர்களும் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து வேலை இழந்துகொண்டிருந்தார்கள். சக ஊழியரே உங்களைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடும் என்ற காலம் அது.

அந்தச் சூழலில், பக்கத்து வீட்டுக்காரர் வெளியில் நம்மைப் போலவே இருக்கிறார், உள்ளே வேறு என்ற கதை வந்தால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். மாறியவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று சிலர் படித்தார்கள். மாறியவர்கள் மெக்கார்த்திக்குத் தலையாட்டிய கூட்டம், ஓடுகிறவன்தான் தனித்து நின்றவன் என்று வேறு சிலர் படித்தார்கள். இரண்டுமே பொருந்துகிறது, அதுதான் இந்தக் கதையின் வலிமை. எழுதிய ஃபின்னி அரசியல் எதுவும் மனதில் இல்லை என்றே சொல்லிவந்தார். சீகலோ அரசியலைத் தாண்டி இன்னொன்றைச் சொன்னார். உணர்ச்சி இல்லாமல் சாப்பிட்டுத் தூங்கி வாழும் மனிதர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள், தன் படத் தொழிலிலேயே இருக்கிறார்கள் என்றார்.

என் ஆலோசனை, முதல்முறை பார்க்கும்போது இந்த அரசியலை எல்லாம் ஓரமாக வையுங்கள். உருவகத்தைத் தேட ஆரம்பித்தால் வில்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். ஊர்ச் சதுக்கக் காட்சியை மட்டும் பாருங்கள். சனிக்கிழமை காலை, மைல்ஸும் பெக்கியும் மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்க்கிறார்கள். எல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது. திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் சதுக்கத்தின் நடுவே கூடுகிறார்கள். லாரிகளில் காய்கள் வந்து இறங்குகின்றன. பக்கத்து ஊர்களில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் முன்னால் வந்து ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ரேஷன் கடை வரிசைபோல அவ்வளவு ஒழுங்கு. இதை லாஸ் ஏஞ்சலஸ் அருகே சியரா மாட்ரே என்ற நிஜமான சிற்றூரில் எடுத்தார்கள். செட் போட்டிருந்தால் இந்த நம்பகம் வந்திருக்காது.

குறைகளும் இருக்கின்றன. கார்மென் டிராகனின் பின்னணி இசை பல இடங்களில் தேவைக்கு மேல் அதிர்கிறது, அமைதியாக விட்டிருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும். கதையின் சட்டத்தையே படம் ஓரிடத்தில் மீறுகிறது. சுரங்கத்தில் பெக்கி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் மாறிவிடுகிறாள், பக்கத்தில் காய் எதுவும் இல்லை, இரண்டாவது உடம்பும் இல்லை. முதல்முறை பார்க்கும்போது இது உங்களுக்கு உறைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த நேரத்தில் நீங்கள் பார்ப்பது அவளை முத்தமிட்ட மைல்ஸின் முகம் பின்வாங்குவதையும், அவள் கண் திறந்து ஒன்றுமில்லாமல் பார்ப்பதையும்தான்.

வண்ணம் சேர்த்த பிரதி ஒன்றும் உலவுகிறது. அதைத் தொடாதீர்கள். வெயிலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிழல் கூடி, கடைசியில் இருட்டில் முடியும் படம் இது. வண்ணம் வந்தால் அந்த நகர்வு தெரியாமல் போய்விடும்.

கடைசியாக முடிவைப் பற்றி. படம் பார்த்துவிட்டுப் படிப்பதானால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சீகலும் திரைக்கதை எழுதிய டேனியல் மெய்ன்வாரிங்கும் முதலில் எடுத்த படத்தில் ஆஸ்பத்திரியே கிடையாது. மைல்ஸ் இரவில் நெடுஞ்சாலையில் வாகனங்களுக்கு நடுவே ஓடுகிறார், கத்துகிறார், யாரும் நிறுத்துவதில்லை. ஒரு லாரியின் பின்பக்கம் ஏறிப் பார்த்தால் உள்ளே காய்கள். கடைசியில் நேராக நம்மைப் பார்த்து, அடுத்தது நீங்கள்தான் என்று கத்துகிறார். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும். இது ரொம்ப இருட்டு என்று ஸ்டுடியோ பயந்தது. அதனால் முன்னும் பின்னும் ஆஸ்பத்திரிக் காட்சிகளைச் சேர்க்க வைத்தார்கள். காய்களோடு வந்த லாரி விபத்தில் சிக்கியது தெரிந்து, டாக்டர்கள் மைல்ஸை நம்பி, போலீஸுக்கும் எஃப்.பி.ஐ.க்கும் சொல்கிறார்கள். சீகலுக்குக் கடைசிவரை இது பிடிக்கவில்லை.

முதல்முறை படத்தை வந்தபடியே முழுதாகப் பாருங்கள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியைத் தாண்டி, மைல்ஸ் ரயிலிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, நெடுஞ்சாலையில் அவர் முகம் திரையை நிறைக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சீகலின் படம் அதுதான்.

பிறகு விருப்பம் இருந்தால் ஃபிலிப் காஃப்மன் 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவை வைத்து எடுத்த மறு ஆக்கத்தையும் பாருங்கள். அதில் ஓரிடத்தில் வயதான ஒருவர் நகரத் தெருவில் ஓடி வந்து, நாயகன் போகும் காரின் மேல் மோதி, அவர்கள் வந்துவிட்டார்கள் என்று கத்துவார். கெவின் மெக்கார்த்திதான். 22 வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தவர்போல இருப்பார். அப்போதும் காருக்குள் இருப்பவர்கள் யாரும் அவரை நம்புவதில்லை.